உடைபடா மதில், மாறிய உரிமை: செஞ்சிக் கோட்டையின் கட்டடக்கலையும் ஆட்சி மாற்றங்களும்

ஆய்வுச்சுருக்கம்

செஞ்சிக் கோட்டை காடவர் காலம் தொடங்கி ஆங்கிலேயர் காலம் வரை பல அரசுகளின் கைக்குச் சென்றது. எனினும் பொதுவழக்கிலும் அறிவிப்புப் பலகைகளிலும் அது ஒருவருக்கே உரிய கோட்டையாகச் சுட்டப்படுகிறது. கோட்டை கட்டப்பட்ட முறையையும் அது கைமாறிய முறையையும் ஒருங்கே வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. பெரும்பாலான உரிமை மாற்றங்கள் மதிலைத் தகர்க்காமலே நிகழ்ந்தன என்பதும், அதன் விளைவாகவே பல காலத்துக் கட்டுமானங்கள் ஒன்றோடொன்று பின்னி எஞ்சியுள்ளன என்பதும் இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: செஞ்சி, மலையரண், நாயக்கர், மராத்தியர், தேசிங்கு, கட்டட அடுக்குகள், உலகப் பாரம்பரியம்

முன்னுரை

2025 ஜூலை 11 அன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு ‘இந்தியாவின் மராத்தியர் இராணுவ நிலக்காட்சிகள்’ என்னும் தொகுப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அத்தொகுப்பில் 12 கோட்டைகள் உள்ளன. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருப்பவை. எஞ்சிய ஒன்று விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. தமிழகத்துக் கோட்டை ஒன்று இப்பட்டியலில் இடம்பெற்றது வரவேற்கத்தக்கதே. ஆயின் செஞ்சி மராத்தியரிடம் இருந்த காலம் 1677 முதல் 1698 வரையிலான 21 ஆண்டுகள் மட்டுமே.

மக்கள் வழக்கோ வேறு. செஞ்சிக்கு மேற்கே திருவண்ணாமலை வட்டாரத்தில், வேங்கிக்காலிலோ கீழ்பென்னாத்தூரிலோ பேருந்துக்குக் காத்திருக்கும் முதியவர் எவரிடமும் அக்கோட்டையைப் பற்றி வினவினால் ‘தேசிங்குராஜன் கோட்டை’ என்ற விடையே வரும். தேசிங்கு எனப்பட்ட தேஜ் சிங் செஞ்சியை ஆண்டது ஓராண்டுக்கும் குறைவு. ஆக, உலக அவை சூட்டிய பெயரும் ஊரார் சூட்டிய பெயரும் கோட்டையைச் சிறிது காலமே வைத்திருந்தவர்களைச் சார்ந்து நிற்கின்றன. இன்று நாம் காணும் கட்டடங்களுள் பெரும்பகுதியோடு தொடர்புபடுத்தப்படும் நாயக்கர்களின் பெயர் இரண்டிலும் இல்லை.

இம்முரண்பாட்டை வெறும் பெயர்ச்சிக்கலாகக் கருதி ஒதுக்கிவிட இயலாது. ஒரு நினைவுச்சின்னம் யாருடையது என்று பலகையில் எழுதப்படுகிறதோ, அவர் காலத்துக் கட்டுமானமே முதலில் பழுதுபார்க்கப்படும். அவர் காலத்து வரலாறே வழிகாட்டி நூலில் இடம்பெறும். பிற அடுக்குகள் ‘பின்னிணைப்பு’ ஆகிவிடும். ஆகவே செஞ்சியின் மதில்கள் எந்தெந்தக் கைகளின் உழைப்பு என்பதையும், அவை எவ்வாறு அடுத்தவர் கைக்குச் சென்றன என்பதையும் சேர்த்தே காணவேண்டியுள்ளது. சி. எஸ். சீனிவாசாச்சாரியார் எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூல் இத்துறையில் இன்றும் அடிப்படை நூலாகும். அது அரசர் வரிசையை முதன்மைப்படுத்தியது. இக்கட்டுரை அவ்வரிசையைக் கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

கோனார் மரபுக்கதையும் உலாச் செய்தியும்

செஞ்சிக் கோட்டையின் தோற்றத்தைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி, ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ என்னும் தமிழ் உரைநடை நூலிலிருந்து வருவது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்க்காட்டிலிருந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க எழுதப்பட்ட நூல் இது. ஆடு மேய்க்கும் இடையர் குலத்து ஆனந்தக் கோன் மலைப்பிளவில் புதையல் கண்டெடுத்து, ஏறத்தாழ 1190இல் அம்மலைமேல் சிறு கோட்டை கட்டி ஆனந்தகிரி எனப் பெயரிட்டான் என்றும், பின்வந்த கிருஷ்ணக் கோன் வடக்கிலுள்ள மலையை வலுப்படுத்தித் தன் பெயரால் கிருஷ்ணகிரி என்று அழைத்தான் என்றும் அது கூறுகிறது. ஆனந்தகிரியே பின்னர் இராஜகிரி ஆயிற்று.

நிகழ்ச்சிக்கு அறுநூறு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட நூல் என்பதால் அதன் ஆண்டுக்கணக்கை அப்படியே ஏற்பதற்கில்லை. அதனினும் முக்கியமாக, அதற்கு முந்தைய சான்று ஒன்று தமிழிலேயே உள்ளது. விக்கிரம சோழன் (1118–1135) மீது ஒட்டக்கூத்தர் பாடிய உலாவில், அரசனுடன் வரும் சிற்றரசர்களுள் செஞ்சியர்க்குத் தலைவனான காடவன் ஒருவன் குறிக்கப்படுகிறான். அவ்வூருக்கு அடைமொழி தரும்போது புலவர் ‘இஞ்சி’ என்று மதிலையும், ‘பதணம்’ என்று மதிலின் உட்புற மேடையையும் சுட்டுகிறார். புலவரின் புனைந்துரைக்கு உரிய தள்ளுபடியைக் கொடுத்தாலும், 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே செஞ்சி என்றால் மதில் நினைவுக்கு வந்தது என்பது தெளிவு. ஆனந்தக் கோன் கதைக்கு அது அரை நூற்றாண்டேனும் முந்தியது.

அந்த மதில் இன்றைய இராஜகிரியின்மேல்தான் இருந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. வடமேற்கில் ‘பழைய செஞ்சி’ எனப்படும் மேலைச்சேரியில் பல்லவர் காலக் குடைவரை உண்டு. வடக்கே சிங்கவரத்தில் அரங்கநாதருக்குரிய குடைவரைக் கோயில் உண்டு. கரும்பாறைக் குன்றுகள் நிறைந்த இப்பகுதி முழுவதுமே கோட்டைக்கு முன்பிருந்து மக்கள் வாழ்ந்த நிலம். ஆகவே இடையர் மரபுக்கதையைப் பொய் என்று தள்ளுவதைவிட, அது எதைச் சொல்ல முயல்கிறது என்று கேட்பது பயனுடையது. மலையின் வழித்தடங்களையும் சுனைகளையும் முதலில் அறிந்தவர்கள் அங்கு ஆடு மேய்த்தவர்களே. மலையரணுக்கு மதிலைவிட முதன்மையானது நீர். நீர் இருக்கும் இடத்தை அறிந்தவனே முதல் உரிமையாளன் என்ற உணர்வு அக்கதையில் பதிவாகியுள்ளது என்பது என் கருத்து.

14ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தார் சம்புவராயரை வென்று தொண்டை மண்டலத்தைக் கைக்கொண்டபின் செஞ்சி அவர்தம் படைத்தலைவர் கோபணாரியரின் இருப்பிடமாயிற்று. திருவரங்கத்திலிருந்து அகற்றப்பட்டிருந்த அரங்கநாதர் திருமேனியைத் திருப்பதியிலிருந்து கொணர்ந்து சிங்கவரத்தில் வைத்திருந்து, 1371இல் திருவரங்கத்திலேயே மீண்டும் எழுந்தருளச் செய்தவர் அவர். செஞ்சி ஓர் அரசின் பொருளைப் பாதுகாத்து வைக்கத் தக்க இடம் என்னும் மதிப்பை அப்போதே பெற்றிருந்தது.

மலையும் மதிலும்

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளும் ஏறத்தாழ முக்கோணமாக அமைந்துள்ளன. ஒவ்வொரு குன்றும் தனக்கெனத் தனி மதில் கொண்ட கோட்டை. மூன்றையும் நீண்ட புறமதில்கள் இணைக்கின்றன. இம்மதில்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். சில இடங்களில் மதிலின் அகலம் 60 அடியை எட்டுகிறது. வெளியே 80 அடி அளவில் அகழி. மேற்கிலுள்ள இராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது.

மலைமேல் மதில் கட்டியவர்கள் மலையை எதிர்த்துக் கட்டவில்லை. செங்குத்தான பாறை உள்ள இடத்தில் மதில் நின்றுவிடுகிறது, பாறையே மதிலாகிறது. பாறைகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் மட்டும் கல்லடுக்கி அடைத்திருக்கிறார்கள். உருண்டைப் பாறைகள் குவிந்து கிடக்கும் செஞ்சி மலைகளின் இயல்பு இதற்குப் பெரிதும் துணைசெய்தது. கல்லை வெகுதொலைவிலிருந்து கொண்டுவர வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இராஜகிரியின் உச்சிக்குச் செல்வோர் அடுத்தடுத்த வாயில்களைக் கடக்கவேண்டும். இவற்றின் அமைப்பில் ஒரு பொதுத்தன்மை உண்டு: நேராக நுழைய இயலாது. வாயிலுக்கு முன் ஓர் அடைப்பு, அதனுள் செங்கோணத் திருப்பம், மறுபடி ஒரு கதவு. யானையைக் கொண்டு கதவைத் தாக்க வருவோருக்கு ஓடிவர இடமிராது. திரும்பும்போது பக்கவாட்டு மதிலின் மேலிருந்து எளிதில் தாக்கப்படுவர். உச்சிக்கு அருகில் இயற்கையான ஆழ்பிளவு ஒன்று மலையை வெட்டி நிற்கிறது. ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உடைய அதன்மேல் மரப்பாலம் ஒன்றே வழி. பாலத்தை அகற்றிவிட்டால் சிலரே இருந்து பலரைத் தடுக்கலாம். உச்சியில் அரங்கநாதர் கோயிலும் களஞ்சியமும் காவல் மேடையும் இருக்கின்றன. பீரங்கி ஒன்றும் உள்ளது. வற்றாத ஊற்றுகளும் மழைநீர்த் தேக்கங்களும் உள்ளதனால் மேலே முற்றுகையிடப்பட்டோர் தாகத்தால் சாகவேண்டியதில்லை.

அரண்மனைப் பகுதியோ மலையடிவாரத்தில் உள்ளது. ஐரோப்பிய இடைக்காலக் கோட்டைகளோடு ஒப்பிடுவோர் கவனிக்கவேண்டிய வேறுபாடு இது. ஸ்காட்லாந்தின் கோபுர வீடுகள் போன்றவற்றில் தலைவனின் உறைவிடமும் இறுதிக் காவலிடமும் ஒரே கட்டடம். செஞ்சியில் அவை பிரிந்து நிற்கின்றன: அன்றாட அரசு கீழே, ஆபத்துக்கால அரசு மேலே. கீழ்க்கோட்டையில் குதிரை லாயங்கள், பெருங்களஞ்சியங்கள், உடற்பயிற்சிக் கூடம் எனப்படும் கட்டடம், யானைக்குளம், அரண்மனைத் தளங்களின் எச்சங்கள், கல்யாண மகால் ஆகியவை வரிசையாக உள்ளன.

கல்யாண மகாலைச் சற்று விரிவாக நோக்கலாம். நாற்புறமும் அறைகள் சூழ்ந்த முற்றத்தின் நடுவே எட்டு நிலைச் சதுரக் கோபுரம். ஒவ்வொரு நிலையிலும் சிற்றறையும் அதைச் சுற்றி வளைவுகளைத் தாங்கிய தாழ்வாரமும். மேலே கூம்பிய கூரை. கோட்டை மதிலுக்கு வெளியே ஏறத்தாழ 500 கெஜத் தொலைவிலிருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுடுமண் குழாய் வழியாக நீர் இக்கட்டடத்தின் ஆறாம் நிலைவரை ஏற்றப்பட்டது. நீர்மட்ட உயரத்தைச் சரியாகக் கணக்கிடத் தெரிந்தவர்களின் வேலை இது. வளைவுகளின் வடிவம் தக்காணத்து இசுலாமியக் கட்டடக்கலையை நினைவூட்டுகிறது. கூம்புக் கூரை கோயில் விமானத்தின் சாயலுடையது. இதை ‘இந்து-இசுலாமியக் கலப்பு’ என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். அத்தொடர் இரண்டு தூய பாணிகள் எங்கோ தனித்தனியே இருந்து இங்கு வந்து கலந்தன என்ற எண்ணத்தைத் தருகிறது. விஜயநகரத்தின் தாமரை மகாலையோ மதுரைத் திருமலை நாயக்கர் மகாலையோ பார்த்தவர்க்கு, அரசர் உறைவிடங்களுக்கு வளைவும் சுதையும் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் தென்னிந்தியாவின் பொதுமொழியாகவே இருந்தன என்பது விளங்கும். சமயத்தைக் கொண்டு கட்டடத்துக்கு உரிமையாளரை நிச்சயிக்கும் முறை செஞ்சியில் உதவாது.

களஞ்சியங்களும் அவ்வாறே. பருத்த சுவர்களும் வளைவுக் கூரைகளும் உடைய இவை அரண்மனையைவிட உறுதியாகக் கட்டப்பட்டவை. கிருஷ்ணகிரியின் உச்சியிலும் களஞ்சியங்கள் உண்டு. எண்ணெய் சேமிக்கும் தொட்டிகள் உண்டு. அவற்றோடு குவிமாடக் கூரையுடைய சபை மண்டபமும் உண்டு. கோட்டையைக் கட்டியோர் எதற்கு அஞ்சினர் என்பதைச் சுவர்களின் பருமனைக்கொண்டு அளந்தால், பீரங்கிக்கு அஞ்சியதற்குக் குறையாமல் பசிக்கும் அஞ்சினர் எனலாம். பின்னர் நிகழ்ந்தவை அவ்வச்சம் சரியானதே என்று காட்டின.

நாயக்கர் காலமும் மராத்தியர் திருத்தங்களும்

16ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தின் கீழ் செஞ்சி நாயக்கர் ஆட்சி உருவாயிற்று. கீழ்க்கோட்டைக்குள் உள்ள வேங்கடரமணர் கோயில் 1540–1550 அளவில் முத்தியாலு நாயக்கரால் கட்டப்பட்டதாகக் கூறப்படுகிறது. நகரத்தின் அளவுக்குச் சான்று தருபவர் 1597இல் இங்கு வந்த இயேசு சபைத் துறவி பிமெண்டா. இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் இதுவே பெரிது என்றும், லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுகலின் எந்த நகரையும்விடப் பெரிது என்றும் அவர் எழுதினார். அப்போது ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். மதில், களஞ்சியம், கோயில், குளம் என இன்று எஞ்சியுள்ளவற்றுள் பெரும்பகுதியை ஆய்வாளர்கள் இக்காலத்தோடு இணைப்பதற்குக் காரணம், இத்தகைய நகரைத் தாங்குவதற்கு அவையெல்லாம் தேவைப்பட்டிருக்கும் என்பதே. விஜயநகரக் கால வரிப்பெயர்களுள் கோட்டையைப் பேணுவதற்கான வரிகளும் காணப்படுவதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். மதிலின் ஒவ்வொரு கல்லுக்குப் பின்னும் ஏதோ ஓர் ஊரின் நெல் இருந்தது. கோட்டையின் உரிமையைப் பற்றிய எந்த வரிசையிலும் அவ்வூரார் இடம்பெறுவதில்லை.

மராத்தியரின் பங்கை இதனோடு ஒப்பிடவேண்டும். 1677இல் சிவாஜி செஞ்சியைப் பெற்றபின் அங்குப் புதிய மதில்களையும் கொத்தளங்களையும் எழுப்பினார். அகழிகளும் நீர்த்தேக்கங்களும் வெட்டுவித்தார். அவ்வேலைகள் ஐரோப்பியரும் குறைகூற முடியாத செம்மையுடன் செய்யப்பட்டன என்று அக்கால இயேசு சபையினர் கடிதம் பாராட்டுகிறது. மராத்தியர்பால் சாய்வு கொள்ளக் காரணம் இல்லாத ஒருவரின் சாட்சியம் என்பதால் இது வலிமையுடையது. எனவே யுனெஸ்கோ தொகுப்பில் செஞ்சி இடம்பெற்றதற்கு அடிப்படை இல்லை என்று கூறுவது தவறாகும். பீரங்கிப் போருக்கேற்ப மதிலைப் பருமனாக்குவதில் மராத்தியர் செய்தது உண்மையான மாற்றம். ஆனால் அவர்கள் செய்தது, ஏற்கெனவே நகரமாக இயங்கிய ஓர் அரணின்மேல் செய்த திருத்தம். திருத்தத்தின் பெயரால் மூலம் அழைக்கப்படும்போதுதான் சிக்கல் எழுகிறது.

கைமாறிய விதங்கள்

தொல்காப்பியம் மதிலை வளைத்துப் போரிடுவதை உழிஞைத் திணை என்று தனியே வகுத்தது. மதிலின்மேல் ஏணி சாத்துதலும் அகத்தோன் காத்தலும் அதன் துறைகளுள் அடங்கும். அந்த இலக்கணத்தை மனத்திற்கொண்டு செஞ்சியின் வரலாற்றைப் படிப்பவர், உழிஞைப் போர் இங்கு எவ்வளவு அரிதாக நடந்தது என்று வியப்புறுவர்.

1648–49இல் பீஜப்பூர்ப் படை நீண்ட முற்றுகைக்குப் பின் செஞ்சியை நாயக்கரிடமிருந்து கைப்பற்றியது. அதுவரை கோல்கொண்டாவும் பீஜப்பூரும் இதன்மீது போட்டியிட்டன. மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் தம்முள் ஒத்துப்போகவில்லை. மதிலைவிட அவ்வொற்றுமையின்மையே நாயக்கர் ஆட்சியை வீழ்த்தியது எனலாம்.

1677இல் சிவாஜி வந்தபோது பெரிய போரே நிகழவில்லை. பீஜப்பூரின் ஆளுநர் நாசிர் முகம்மது கானுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது, கோட்டை கைமாறியது.

மிக நீண்ட முற்றுகை அடுத்து வந்தது. சம்பாஜியின் மறைவுக்குப் பின் அவர் தம்பி இராஜாராம் 1689இல் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். மராத்திய அரசே சில ஆண்டுகள் தமிழகத்து மலையொன்றிலிருந்து நடந்தது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690 செப்டம்பரில் கோட்டைமுன் வந்து பாளையமிறங்கினார். எட்டு ஆண்டுகள் இழுபறி. 1693 தொடக்கத்தில் முகலாயர் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. கோட்டையின் சுற்றளவு அத்தனை பெரிது. ஒரு படையால் எல்லா வாயில்களையும் அடைக்க இயலவில்லை. உள்ளிருப்போர்க்கு உணவு சென்றுகொண்டே இருந்தது. முகலாயப் படையில் உடனிருந்த பீம்சேன் என்னும் எழுத்தர், சுல்பிகர் கான் விரும்பியிருந்தால் கோட்டையை முன்பே பிடித்திருக்கலாம் என்று எழுதிச் செல்கிறார். முற்றுகை நீள்வதில் தளபதிக்கு ஆதாயம் இருந்தது என்பது அவர் குறிப்பு. இறுதியில் 1698 தொடக்கத்தில் கோட்டை விழுந்தபோது இராஜாராம் அங்கு இல்லை. தப்பி மகாராஷ்டிரத்துக்குச் சென்றுவிட்டார். மலை கைக்கு வந்தது, அரசன் வரவில்லை.

1714இன் மாற்றம் மதிலுக்கு வெளியே தீர்மானிக்கப்பட்டது. முகலாயரின் கீழ்ச் செஞ்சியைக் காத்துவந்த புந்தேல இராஜபுத்திரர் சரூப் சிங் இறந்தபின், அவர் மகன் தேஜ் சிங் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குப் பணம் செலுத்த மறுத்தார். அக்டோபர் 3 அன்று நடந்த போரில் அவர் இறந்தார், வயது 22. எண்ணிக்கையில் மிகச் சிறிய படையுடன் இவ்வளவு பெரிய கோட்டையைவிட்டு வெளியேறித் திறந்தவெளியில் அவர் போரிட்டது ஏன் என்பது படைவரலாறு கற்போர் எழுப்பும் கேள்வி. இத்தனை கிலோமீட்டர் மதிலைக் காப்பதற்கு ஆயிரக்கணக்கானோர் தேவை. கோட்டையின் பருமனே சிறுபடைக்குச் சுமையாயிற்று என்பது ஒரு விடையாகலாம்.

மதிலேறிப் பிடித்த நிகழ்ச்சி என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கது 1750 செப்டம்பரில் நடந்தது. தோற்றோடிய முகம்மது அலியின் படையினர் செஞ்சியில் புகலடைந்திருந்தனர். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வாயிற்கதவை வெடிவைத்துப் பெயர்த்து நகருக்குள் புகுந்தார். இரவிலேயே மூன்று மலைகளும் ஒரே நேரத்தில் தாக்கப்பட்டன. விடியும்போது செஞ்சி பிரெஞ்சுக்காரருடையது. முகலாயப் பேரரசு எட்டாண்டுகளில் செய்ததைச் சிறுபடை ஓரிரவில் செய்தது ஐரோப்பா எங்கும் பேசப்பட்டது. பாறைமேல் உள்ள அரண்கள் இருளில் விழுவது உலகில் புதிதன்று; எடின்பரோ கோட்டையை 1314இல் ஸ்காட்டியர் இரவில் பாறையேறியே மீட்டனர். செஞ்சியிலும் வென்றது பீரங்கியைவிட இருளும், உள்ளிருந்தோரின் கலக்கமும்தான்.

புதுச்சேரி 1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தபின் செஞ்சி தனித்து நின்றது. அங்கிருந்த பிரெஞ்சுக் காவற்படைக்குத் தலைவர் மக்கிரகர். ஸ்காட்லாந்துக் குலப்பெயருடைய அவர், நூறாயிரம் பேர் வந்தாலும் மூன்றாண்டுகளில் இம்மலைகளைப் பிடிக்க இயலாது என்று விடையளித்ததாக ஆங்கிலேயப் பதிவுகள் கூறுகின்றன. அவர் கூற்று மிகையன்று. எனினும் ஒரு குன்று எதிர்பாராத தாக்குதலிலும், மற்றொன்று உணவின்மையாலும் ஆங்கிலேயர் வசமாயின. இராஜகிரியை அவரே ஏப்ரல் மாதத்தில் நிபந்தனைகளோடு காப்டன் ஸ்டீபன் ஸ்மித்திடம் ஒப்படைத்தார். காவற்படையினரில் பலரைப் பகைவரைவிடச் செஞ்சியின் காய்ச்சலே கொன்றது. 1780இல் ஐதர் அலியின் படை அதிக எதிர்ப்பின்றிக் கோட்டையைப் பெற்றது. திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்தபின் செஞ்சியைப் பிடிக்கவோ காக்கவோ எவருக்கும் தேவை இல்லாமற்போயிற்று.

இவ்வேழு மாற்றங்களுள் மதில் தகர்க்கப்பட்டு, அவ்வுடைப்பின் வழியே பகைவர் நுழைந்து கோட்டை வீழ்ந்ததாகத் திட்டமாகச் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. திருக்குறளின் அரண் அதிகாரம் உயரமும் அகலமும் உறுதியும் அணுகற்கருமையும் அரணின் இலக்கணம் என்று கூறிவிட்டு, செயல்திறன் இல்லாதாரிடத்து எத்தகைய அரணும் அரணாகாது என்று முடிக்கிறது. செஞ்சிக்கு அம்முடிவு வரலாற்றுக் குறிப்பாகவே பொருந்துகிறது. இதன் கட்டடக்கலை விளைவைத்தான் ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. உடைபட்ட மதிலைப் புதியவன் மீண்டும் கட்டியிருந்தால் ஒவ்வொரு காலமும் தனித்தனிப் பகுதியாகத் தெரியும். உடைபடாத மதிலில் புதியவன் மேலே செங்கல் கைப்பிடிச் சுவரை எழுப்பினான், துப்பாக்கிக்குத் துளையிட்டான், வாயிலுக்குமுன் மற்றோர் அடைப்பைச் சேர்த்தான். அடியில் பெருங்கல், நடுவில் சிறுகல், மேலே செங்கலும் சுண்ணாம்பும் என ஒரே மதிலில் மூன்று காலங்கள் நிற்பதைப் புறமதிலின் பல பகுதிகளில் காணலாம்.

சூட்டப்பட்ட பெயர்கள்

ஒவ்வோர் உரிமையாளரும் கல்லைவிட எளிதான ஒன்றைச் செய்தனர்; பெயரை மாற்றினர். பீஜப்பூரார் பாத்ஷாபாத் என்றனர். மராத்தியர் சந்தி என்று ஒலித்தனர். முகலாயர் சுல்பிகர் கானின் பட்டமான நுஸ்ரத் ஜங் என்பதைக்கொண்டு நுஸ்ரத்கட் என்றனர். ஆங்கிலேயர் ‘கீழ்த்திசையின் டிராய்’ என்று புகழ்ந்தனர். எதுவும் நிலைக்கவில்லை, செஞ்சி என்பதே நின்றது. கீழ்க்கோட்டையில் 1717–18இல் சாதத்துல்லா கான் எழுப்பிய பள்ளிவாசல் அவர் வெற்றியின் சான்றாக இன்றும் உள்ளது. ஆயினும் அவரைச் செஞ்சியோடு இணைத்துப் பேசுவோர் அரியர். அவரிடம் தோற்ற இளைஞனே கதைப்பாடலின் தலைவனானான். தேசிங்குராஜன் கதையில் அவனுக்குச் சமமாக நிற்பவன் இசுலாமியத் தோழன் மோவுத்துக்காரன் எனப்படும் முகபத் கான். வடநாட்டிலிருந்து வந்த இராஜபுத்திரக் குடும்பம், பதினைந்து ஆண்டுகள்கூட ஊரில் வேரூன்றாத நிலையில், தமிழ்க் கதைப்பாடல் மரபுக்குள் ‘நம்மவர்’ ஆனது. உரிமையை ஆண்டுக்கணக்கால் அளப்பது அரசுப் பதிவேட்டின் முறை. இழப்பால் அளப்பது மக்கள் முறை. மராத்தியப் பெயரை ஆண்டுகள் குறைவு என்று மறுப்போர், தேசிங்கின் பெயரை எவ்வாறு ஏற்பது என்பதற்கும் விடைகூற வேண்டும்.

பெயர்ந்த கற்கள்

1921இல் செஞ்சி தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டு, தொல்லியல் துறையின் பொறுப்புக்கு வந்தது. பராமரிப்புக்கு உரிய அலகு ‘கோட்டை’ என்பதாக அமைந்ததனால், அதிலிருந்து முன்னரே பெயர்க்கப்பட்டவை கணக்கில் வரவில்லை. வேங்கடரமணர் கோயிலின் நெடிய ஒற்றைக்கல் தூண்கள் பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்குக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் தூண்கள் அவ்வாறு செஞ்சியிலிருந்து சென்றவை என்பர். நாயக்கர் காலத்துச் சிற்பிகள் திருமாலுக்குச் செதுக்கியவற்றைப் பிரெஞ்சு அரசு நகர அழகுக்கு நிறுத்தியது. விடுதலைக்குப் பின் அவை காந்தியடிகளுக்குரியனவாயின. செஞ்சியின் கட்டட அடுக்குகளை ஆவணப்படுத்தும் எந்தத் திட்டமும், உலகப் பாரம்பரியத் தகுதியின்பொருட்டு இனி வரையப்படும் மேலாண்மை வரைபடங்களும், மூன்று மலைகளோடு நின்றுவிடாமல் இத்தூண்களையும் மேலைச்சேரி, சிங்கவரம் குடைவரைகளையும் உட்படுத்த வேண்டும். முதற்படியாகப் புறமதிலைக் கல்லடுக்கு, சுண்ணாம்புச் சாந்து, செங்கல் அளவு ஆகியவற்றின் அடிப்படையில் பகுதி பகுதியாக அளந்து பதிவு செய்வது இயலும். புதுச்சேரி வாயிலிலிருந்து வேலூர் வாயில் வரையிலான மதிலில் அதைத் தொடங்கலாம்; மூன்று காலக் கட்டுமானமும் அங்கு எட்டும் உயரத்திலேயே உள்ளது.